உற்றவன் பங்கு: ஒற்றைத் தலைவலியோடு வாழ்பவர்களுக்கு ஓர் உள்விழிப்பு வழிகாட்டி

என் தலைவலி கொட்டாவியில் தொடங்கும். வலிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், தூக்கமே வராத நேரத்தில், அடுத்தடுத்துப் பத்துப் பன்னிரண்டு கொட்டாவி. பிடரியில் ஓர் இறுக்கம். இனிப்பு தின்றே ஆக வேண்டும் என்ற தவிப்பு. பிள்ளைகள் மீது காரணமில்லாத எரிச்சல். மறுநாள் விடிகாலை இடது பொட்டில் துடிப்பு ஆரம்பித்துவிடும். இந்த வரிசையைக் கண்டுகொள்ள எனக்கு 11 ஆண்டுகள் ஆயின. அத்தனை ஆண்டும் உடம்பு ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்க நான் அங்கே இல்லை.

உள்விழிப்பு என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்வது அந்தக் கேட்டலைத்தான். மறைபொருள் எதுவும் இல்லை. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை நடக்கும்போதே உணர்வது. உணர்ந்ததும் பதறாமல் இருப்பது. பதறாமல் இருப்பதால் கிடைக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் சரியானதைச் செய்வது. மூச்சு, உடல் கவனிப்பு, மந்திரம், எழுத்து எல்லாம் அதற்கான வழிகள்.

மருந்து என்றால் என்ன என்பதற்கு வள்ளுவர் நான்கு கூறுகளைச் சொல்கிறார்: "உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து." நோய் உற்றவர், அதைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். முதலில் வைத்திருப்பது நோயாளியை. 'தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்வது' என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் குறள்தான் எனக்கு அளவுகோல். மீதி மூன்றையும் தள்ளிவிட்டு உற்றவர் மட்டும் போதும் என்று சொல்லும் ஆன்மிகத்தை நான் நம்பவில்லை. உற்றவருக்கு ஒரு வேலையும் இல்லை, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தால் போதும் என்று சொல்லும் வைத்தியத்திலும் ஒரு கால் குறைகிறது. இந்த வழிகாட்டி அந்த நாலில் ஒரு பங்கைப் பற்றியது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

2020-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 114 ஒற்றைத் தலைவலி நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும். இன்னொரு பிரிவுக்கு மருந்தோடு யோகா: மூச்சுப் பயிற்சி, தளர்வு, எளிய ஆசனங்கள். மூன்று மாதம் கழித்து, யோகா செய்தவர்களுக்கு மாதம் 9.1 முறை வந்த தலைவலி 4.7 முறையாகக் குறைந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 7.7-லிருந்து 6.8. கவனியுங்கள்: இது மருந்தோடு சேர்ந்த யோகா. மருந்துக்குப் பதிலாக யோகா என்று இந்த ஆய்வில் சோதிக்கவில்லை.

அமெரிக்காவில் 89 பேரிடம் நடந்து அதே ஆண்டுக் கடைசியில் வெளியான ஓர் ஆய்வு இன்னும் நேர்மையான பாடம் தருகிறது. எட்டு வாரம் கவனத் தியானம் பழகியவர்களுக்கும், தலைவலி பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களுக்கும், வலி வரும் நாட்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. ஆனால் தியானம் பழகியவர்களின் வாழ்க்கையை வலி முடக்குவது குறைந்தது. வலியைப் பற்றிய பயமும் மனச்சோர்வும் குறைந்தன. என் அனுபவமும் அதுவே. வலி முழுவதும் போகவில்லை. அதற்கு என் வாழ்வில் இருந்த அதிகாரம் போய்விட்டது.

தொடங்கும் முன்: மருத்துவரிடம் ஒரு முறை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். வாழ்நாளில் கண்டிராத வலி இடி விழுந்தாற்போல் சட்டென்று வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், ஒரு பக்கக் கைகால் சோர்ந்தால், பேச்சு குழறினால், பார்வை திடீரென்று போனால், தலையில் அடிபட்ட பின் வலி கூடிக்கொண்டே போனால், 50 வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தலைவலி தொடங்கினால், கர்ப்பகாலத்திலோ பிள்ளை பெற்ற பிறகோ புதுவிதமாக வலித்தால், பயிற்சிக்குப் பாயை விரிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்தது, மாத்திரைக் கணக்கு. மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கும் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரைகளையும், ஒற்றைத் தலைவலிக்கென்றே மருத்துவர் எழுதித் தரும் டிரிப்டான் வகை மாத்திரைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மாதக்கணக்கில் எடுத்துவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். அப்படிப்பட்ட நிலையில் எந்தத் தியானமும் கைகொடுக்காது. முதலில் மருத்துவர் துணையோடு அந்தச் சுழலிலிருந்து வெளியே வர வேண்டும். நான் அந்தச் சுழலில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். கைப்பையில் மாத்திரை அட்டை இல்லாமல் பாடம் நடத்தப் பள்ளிக்குப் போனதே இல்லை.

முதற்படி: இரண்டு வாரம் ஒரு நோட்டு

முதல் இரண்டு வாரம் எந்தப் பயிற்சியும் வேண்டாம். ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா. ஒரு நாளைக்கு மூன்று முறை (எழுந்ததும், மதியம், படுக்கும் முன்) ஒரு நிமிடம் நின்று உடம்பைக் கேட்டு, இரண்டு வரி எழுதுங்கள். 'பிடரி இறுக்கம். கண் கூசுகிறது. பசி இல்லை. மனசு படபடப்பு.' இவ்வளவு போதும். எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், சாப்பாடு எத்தனை மணிக்கு, மாதவிடாய் நாள், எடுத்த மாத்திரை ஆகியவற்றையும் குறியுங்கள்.

வலி வந்த நாளிலிருந்து பின்னோக்கி இரண்டு நாளைப் படித்துப் பாருங்கள். ஒற்றைத் தலைவலி பலருக்கும் வலிக்கு முன்பே, சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாள் வரைக்கும், சைகை காட்டத் தொடங்குகிறது: கொட்டாவி, கழுத்து இறுக்கம், சோர்வு, அடிக்கடி சிறுநீர், ஏதாவதொன்றைத் தின்னும் ஆசை, எரிச்சல். உங்கள் சைகை என் சைகையாக இருக்காது. என் தங்கைக்கு எழுத்துகளைப் படிக்கவே சலிப்பாக வரும். அதுதான் அவளுக்கு அறிகுறி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முந்தின நாள் சாக்லேட் சாப்பிட்டேன், மறுநாள் தலைவலி. ஆகவே சாக்லேட்தான் காரணம் என்று பல வருஷம் நம்பினேன். நோட்டைப் பார்த்த பிறகே புரிந்தது, சாக்லேட்டைத் தேடிய அந்த ஆசைக்கு முன்பே கொட்டாவி வந்திருந்தது. தலைவலி ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஆசை அதன் ஒரு பகுதி. ஆகவே அவசரப்பட்டுப் பத்துச் சாப்பாட்டை விலக்கி வைக்காதீர்கள். கேட்பதோடு நில்லுங்கள்.

இரண்டாம் படி: மூச்சு

திருமூலர் மூச்சுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: இடது நாசியில் 16 உள்ளே, 64 உள்ளே நிறுத்தி, 32 வெளியே. 16, 64, 32 என்ற இந்த எண்கள் மாத்திரைக் கணக்கு. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. நாம் விழுங்கும் மாத்திரைக்கும் அதே பெயர்தான். இரண்டுக்கும் அளவுதான் உயிர்.

அந்த 64-ஐ இப்போது முயலாதீர்கள். மூச்சை நிறுத்துவது குருவின் பக்கத்தில் பல ஆண்டு பழகியவர்களுக்கு. தலைவலிக்காரர்கள் மூச்சை அடக்கினால் தலையில் அழுத்தம் கூடுவது போன்ற உணர்வும், அதனால் பயமும் வரும். அந்தக் கணக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: வெளிமூச்சு உள்மூச்சை விட நீளம்.

செய்முறை இது. முதுகு நேராக இருக்கும்படி உட்காருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தாலும் சரி. நாக்கை மேலண்ணத்திலிருந்து இறக்கி விடுங்கள், தாடை தானே தளரும். நாலு எண்ணி மூக்கால் உள்ளே. ஆறு எண்ணி மூக்கால் வெளியே. எங்கும் நிறுத்தவில்லை. நொடிக்கு ஒன்று என்று எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். காலையில் ஐந்து நிமிடம், சாயங்காலம் ஐந்து நிமிடம். மூச்சு முட்டினால் மூன்றும் ஐந்துமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும். வெளியே விடும்போது மெதுவாகும். மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு வெளிமூச்சில்தான் இதயத்தை அதிகம் அமைதிப்படுத்துகிறது. 2001-இல் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவர் கூட்டாளிகளும் 23 பேரை லத்தீன் செபமாலை சொல்ல வைத்தும், 'ஓம் மணி பத்மே ஹூம்' சொல்ல வைத்தும் அளந்து பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகத் தானே இறங்கியது. மூச்சை எண்ணுவது உங்களுக்குச் சலித்தால் செபமாலையோ, ஐந்தெழுத்தோ, அல்லாவை நினைத்துச் சொல்லும் திக்ரோ எடுத்துக்கொள்ளுங்கள். மெல்ல, ஒரு மூச்சு வெளியேறும் அளவுக்கு ஒரு வரியை நீட்டிச் சொன்னால் போதும். என் அம்மாவுக்கு எண்ணிக்கை பிடிக்கவில்லை. 'சிவாயநம'வை வெளிமூச்சில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் இதைச் செய்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: உடல் வலம்

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம். நேரம் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

உடம்பை உறுப்பு உறுப்பாகக் கவனத்தால் தொட்டுச் செல்லும் பயிற்சிக்கு உலகில் பல பெயர்கள். பர்மாவின் ஊ பா கின் வழியில் கோயங்கா பரப்பிய விபாசனா தியானத்தில் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை போகிறார்கள். பீகாரின் முங்கேரில் சத்தியானந்த சரஸ்வதி வகுத்த யோக நித்திரையில் வலது கைக் கட்டைவிரலில் தொடங்குகிறார்கள். உடம்பின் இடம் இடமாக மந்திரத்தை வைக்கும் நியாசம் என்ற தந்திர முறையிலிருந்து அதை எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1979-இல் மாசசூசெட்ஸ் மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட் ஸின் தீரா வலி நோயாளிகளுக்குப் பயிற்சி தொடங்கியபோது முதலில் கற்றுக்கொடுத்ததும் படுத்தபடி உடம்பைச் சுற்றி வருவதுதான்.

நம் வீடுகளில் இது இன்னும் பழகிய வடிவில் இருக்கிறது. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசத்தை நினைத்துப் பாருங்கள். "அடியேன் வதனம் அழகுவேல் காக்க" என்று தொடங்கி, நெற்றி, கண், செவி, நாசி, பல், நாக்கு, கழுத்து, தோள், பிடரி, முதுகு, வயிறு, தொடை, கால்விரல் என்று உடம்பு முழுவதையும் பெயர் சொல்லி அழைக்கிறது அது. நான் சின்ன வயதிலிருந்து ஒப்பித்த பாட்டு. வேகமாக ஓடும் வரிகளில் எந்த உறுப்பிலும் நான் நின்றதில்லை. ஒரு நாள் பாயில் படுத்து, ஒவ்வொரு 'காக்க'விலும் அந்த உறுப்பில் மூன்று மூச்சு நின்றேன். பிடரி வந்ததும் அழுகை வந்துவிட்டது. இத்தனை காலம் அந்த இடத்தை வலியின் பெயரால் தவிர வேறெப்படியும் நான் அழைத்ததில்லை.

முருக பக்தர்கள் அப்படியே செய்யலாம். மற்றவர்களுக்கு, பாட்டில்லாமல் செய்யும் முறை:

கோரைப்பாயிலோ மெத்தையிலோ மல்லாக்கப் படுங்கள். கழுத்துக்கு மெல்லிய தலையணை, முழங்காலுக்குக் கீழே ஒரு சுருட்டிய போர்வை. வெளிச்சம் கூசினால் கண் மேல் ஒரு துணி. நாலும் ஆறுமாகப் பத்து மூச்சு. பிறகு எண்ணிக்கையை விட்டுவிடுங்கள்.

தலைவலிக்காரர்கள் தலையில் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நம் கவனம் ஏற்கெனவே அங்கேதான் காவல் நிற்கிறது. காலில் தொடங்குங்கள். இடது கால் கட்டைவிரல். அங்கே என்ன இருக்கிறது? சூடா, குளிர்ச்சியா, கனமா, கூச்சமா, துடிப்பா, மரத்த மாதிரியா? 'ஒன்றும் தெரியவில்லை' என்பதும் ஒரு பதில்தான். அதையும் ஏற்றுக்கொண்டு மூன்று மூச்சு இருங்கள். பிறகு மற்ற விரல்கள், உள்ளங்கால், குதிகால், கணைக்கால், முழங்கால், தொடை. அடுத்து வலது கால். இடுப்பு, அடிவயிறு, மேல்வயிறு, நெஞ்சு, முதுகு. கைவிரல்களிலிருந்து தோள் வரை. கடைசியாக, பிடரி, தாடை, நாக்கு, கன்னம், கண்களின் பின்புறம், நெற்றி, பொட்டு, உச்சி. முடிவில் உடம்பு முழுவதும் ஒன்றாக மூச்சு விடுவதை ஒரு நிமிடம் உணருங்கள். மொத்தம் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். வாரத்தில் ஐந்து நாளாவது செய்ய வேண்டும்.

எதையும் தளர்த்த முயலாதீர்கள். இதுதான் எல்லோரும் தவறும் இடம். 'தாடையே, தளர்ந்து விடு' என்று கட்டளை போட்டால் அது இன்னும் இறுகும். இறுக்கத்தைப் பார்ப்பது மட்டும் உங்கள் வேலை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, மூச்சோடு கூடுகிறதா குறைகிறதா? பார்க்கப் பார்க்கப் பல நேரம் தானே விடும். விடாத நாளும் உண்டு. அந்த நாளும் நல்ல பயிற்சி நாள்தான்.

முதல் வாரத்தில் பலர் தூங்கிவிடுகிறார்கள். தூங்குங்கள், தூக்கக் கடன் தீரும். இரண்டாம் வாரமும் அப்படியே போனால் உட்கார்ந்து செய்யுங்கள். எண்ணங்கள் ஓடினால், எந்த உறுப்பில் விட்டீர்களோ அங்கே திரும்பி வாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிலருக்குக் கண்ணை மூடி உடம்புக்குள் போவதே பாதுகாப்பற்றதாக இருக்கும். அடியோ அத்துமீறலோ விபத்தோ அனுபவித்த உடம்பு தன் நினைவுகளை அங்கே வைத்திருக்கலாம். நெஞ்சு படபடத்து, பழைய காட்சி வந்து, மூச்சு முட்டினால் உடனே கண்ணைத் திறங்கள். பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். அறையில் உள்ள ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'தாங்கிக்கொண்டால் கர்மம் கரையும்' என்று யார் சொன்னாலும் தொடர வேண்டாம். மனநல மருத்துவர் துணையோடுதான் அந்த வாசலைத் திறக்க வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்; தமிழில் பேசலாம்.

நான்காம் படி: வலி வந்த நேரம்

முதலில் மாத்திரை. மருத்துவர் எழுதிக் கொடுத்ததை, வலி சின்னதாக இருக்கும்போதே. 'இன்றைக்குத் தியானத்தால் சமாளித்துப் பார்க்கிறேன்' என்று தள்ளிப்போட்டு நான் மூன்று முறை வாந்தியில் முடிந்திருக்கிறேன். டிரிப்டான் வகை மாத்திரைகள் வலி முற்றும் முன் எடுத்தால்தான் நன்றாகக் கேட்கும். உள்விழிப்பு இங்கே செய்யும் உதவி, மாத்திரை போட வேண்டிய சரியான நேரத்தைக் காட்டுவது.

பிறகு இருட்டறை, நெற்றியில் ஈரத்துணி, சத்தம் இல்லாத இடம்.

புத்தர் சொன்ன ஓர் உவமை உண்டு. அம்பு தைத்தவன் மேல் இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதலாவது உடம்பின் வலி. இரண்டாவது, அதைப் பற்றிய புலம்பலும் எதிர்ப்பும். வலியில் படுத்திருக்கும்போது என் இரண்டாவது அம்புகளை எண்ணியிருக்கிறேன்: 'நாளைக்குப் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும்', 'மறுபடியுமா', 'இப்படியே போனால் வேலை போய்விடும்', 'மாமியார் நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்'. இவை ஒவ்வொன்றும் வரும்போது 'இரண்டாவது' என்று மனசுக்குள் ஒரு சொல் சொல்லுங்கள். விரட்ட வேண்டாம், பெயர் வைத்தால் போதும்.

அடுத்து, வலிக்காத ஓர் இடத்தைத் தேடுங்கள். எவ்வளவு மோசமான வலியிலும் அப்படி ஓர் இடம் இருக்கும். எனக்கு அது வலது உள்ளங்கை. கவனத்தை அங்கே வையுங்கள். முடிந்தால் சில மூச்சுக்கு ஒரு முறை வலியின் ஓரத்தைத் தொட்டுவிட்டு மறுபடி உள்ளங்கைக்கு வாருங்கள். கரையிலிருந்து கால் நனைத்துவிட்டுத் திரும்புவது போல. முடியாவிட்டால் உள்ளங்கையிலேயே இருந்துவிடுங்கள்.

வலி நேரத்தில் கபாலபாதி (மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி), மூச்சடக்கம், தலைகீழ் ஆசனங்கள், உரத்த ஓங்காரம் எதுவும் வேண்டாம். கேட்கவே முடியாத காதுக்கு மந்திரமும் சத்தம்தான்.

ஐந்தாம் படி: எழுதி இறக்குதல்

1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு எளிமையானது: மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், தங்களை மிகவும் வாட்டிய ஒன்றைப் பற்றி உணர்ச்சியோடு எழுதினார்கள். எழுதிய உடனே மனம் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. ஆறாவது வாரம் வாக்கில் இதைச் செய்து பாருங்கள். எழுத்துப்பிழை பார்க்காமல், யாருக்கும் காட்டாமல், நிறுத்தாமல் 15 நிமிடம். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம். நேற்று நடந்த பெரும் அதிர்ச்சியைப் பற்றி இப்போதே எழுத வேண்டாம். ஆறிய புண்ணைத்தான் இப்படித் திறக்கலாம்.

நான் எழுதியது தலைவலியைப் பற்றி என்றுதான் நினைத்து உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால், எல்லாப் பக்கமும் குற்ற உணர்ச்சி. ஒரு சத்சங்கத்தில் ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார்: "உங்க எண்ணம்தாம்மா நோயா வருது. மனசு சுத்தமானா தலைவலி போயிடும்." அந்தச் சொல்லை நான் எட்டு வருஷம் சுமந்திருக்கிறேன். ஒவ்வொரு வலியும் நான் இன்னும் சுத்தமாகவில்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. உங்களுக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், தயவுசெய்து அதை இறக்கி வையுங்கள். ஒற்றைத் தலைவலி மூளையின் நரம்பு சார்ந்த நோய். குடும்பங்களில் வழிவழியாக வருவது. பெண்களுக்கு ஆண்களை விட இரண்டு மூன்று மடங்கு அதிகம். மன அழுத்தம் அதைத் தூண்டலாம். தூண்டுவது வேறு, குற்றம் வேறு. உள்விழிப்பு உங்களை நீதிமன்றக் கூண்டில் ஏற்றுமானால் அது உள்விழிப்பே அல்ல.

ஆறாம் படி: நாளின் ஒழுங்கு, பூஜையின் ஒழுங்கு

ஒற்றைத் தலைவலி உள்ளவரின் மூளை மாற்றத்தை விரும்பாதது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினாலும் அதற்குப் பிடிக்காது. எழும் நேரம், சாப்பிடும் நேரம், காப்பியின் அளவு மூன்றையும் ஏழு நாளும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்மிகம் சார்ந்த சில விஷயங்களை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். பட்டினி பலருக்கும் வலியைத் தூண்டும். ஏகாதசி, சஷ்டி, நோன்பு, உபவாச செபம் எதுவாயினும். முழுப்பட்டினியை விட்டு, பால் பழ விரதமாக மாற்றிக்கொள்ளலாமா என்று உங்கள் பெரியவர்களிடமும் மருத்துவரிடமும் கேளுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம், வலித் தைலம் ஆகியவற்றின் வாசனையே சிலருக்குத் தூண்டுதல். நான் இப்போது நல்லெண்ணெய் விளக்கு மட்டும் ஏற்றுகிறேன்.

தலைக்குக் குளிப்பதும் அப்படியே. 2006-இல் மருத்துவர் ரவிசங்கர், தலைக்குக் குளித்ததும் ஒற்றைத் தலைவலி தூண்டப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி எழுதினார். நம் பாட்டிமார் 'ஈரத்தோட இருக்காதே' என்றது வெறும் பேச்சில்லை போலும். உங்கள் நோட்டு அப்படிக் காட்டினால் வெள்ளிக்கிழமை அவசரத்தில் தலைக்குக் குளித்து ஈரக்கொண்டையோடு பஸ் ஏறுவதை விட்டுவிட்டு, காய வைக்க நேரமிருக்கும் நாளுக்கு மாற்றுங்கள்.

ஏழாம் படி: பக்கத்தில் இருப்பவர்

குறளின் நாலாவது கூறு இது. வலி இல்லாத ஒரு நாளில், வீட்டில் உள்ளவர்களை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: என் அறிகுறி இவை, அப்போது எனக்கு வேண்டியது இருட்டும் தண்ணீரும், 'இப்ப எப்படி இருக்கு' என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்க வேண்டாம், பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றிக் கொடுத்தால் போதும். நாங்கள் அதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். என் கொட்டாவியை இப்போது என்னை விட முன்னதாக என் மகன் எண்ணிவிடுகிறான்.

மூன்று மாதம் கழித்து

நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். வலி நாட்கள், மாத்திரை நாட்கள், முடங்கிய நாட்கள் மூன்றையும் மாத வாரியாகக் கூட்டி முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். மாதம் நான்கு நாளோ அதற்கு மேலோ வலி இன்னும் இருந்தால், வராமல் தடுக்கும் மருந்து தேவையா என்று கேளுங்கள். அப்படியொரு மருந்து எடுப்பது பயிற்சியின் தோல்வி அல்ல. நான் ஒன்றரை ஆண்டு எடுத்தேன், பயிற்சியையும் விடவில்லை. தடுப்பு மருந்தை உங்கள் விருப்பத்துக்குச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்தபோது கொட்டாவி வந்தது. மூன்றாவது கொட்டாவியில் பேனாவை மூடினேன். ஏழு மணிக்கே தயிர்ச்சோறு சாப்பிட்டு, மாத்திரையைத் தண்ணீரோடு தலைமாட்டில் வைத்து, பாயில் படுத்து இடது கட்டைவிரலிலிருந்து தொடங்கினேன். நாலரை மணிக்குப் பொட்டில் துடிப்பு எழுப்பியது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வலது உள்ளங்கைக்குப் போனேன். எட்டரைக்குப் பள்ளி மணி அடிக்கும்போது வகுப்பில் இருந்தேன்.